நாமிகிரியின் கம்பிகள்

கண்கட்டை அவிழ்த்த மறுநாள் காலையில் ரியூஹேய் கனெமட்சு தன் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எப்ப இவ்வளவு கிழவியான?" என்று கேட்டார்.

"கண்ணாடி முன்னால போய் நின்னுட்டு வந்து கேளுங்க" என்றாள் கினுயே.

போய் நின்றார். திரும்பி வந்தவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

ஜப்பானின் குரே துறைமுகத்தில் நாற்பது வருஷமாக நெத்திலிக் கருவாட்டு மொத்த வியாபாரம் அவருக்கு. மீனின் வயிற்று நிறத்தைப் பார்த்தே எந்தக் கரையில் எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுகிற கண். அதில் புரை விழுந்து மூன்று வருஷம். அந்த மூன்று வருஷமும் மூக்கை வைத்தே வியாபாரத்தை ஓட்டினார். ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாது. இந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அறுவை சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்தவர் தோகுஜி ஒனோதெரா. ரியூஹேயின் சிநேகிதர், பல் செட் செய்து ஓய்வு பெற்றவர். "கண்ணுங்கறது முட்டை மாதிரிடா. ஒரு தடவை உடைச்சா அப்புறம் ஆம்லெட்தான். என் சித்தப்பா போனார், குருடாத்தான் வந்தார்" என்பார். நாள் குறித்தபோதெல்லாம் வந்து உட்கார்ந்து பேசியே கலைத்துவிடுவார். போன ஜூலையில் தோகுஜி தன் வீட்டுக்குப் போகும் மலைப்படிகளில் விழுந்து இறந்துபோனார். தடுக்க ஆள் இல்லாததால் அக்டோபரில் ரியூஹேய் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கண்ணாடியிடமிருந்து தப்பித்தவர் நேராகக் கப்பல் அலமாரிக்குப் போனார்.

இருபத்தாறு வருஷத்தில் அவரும் தோகுஜியுமாகக் கட்டிய மாதிரிப் போர்க்கப்பல்கள் முப்பத்தொன்று. எல்லாம் எழுநூறில் ஒரு பங்கு அளவு. நாசகாரிக் கப்பல் ஒரு சாண்கூட வராது. உடற்பகுதி, வர்ணம், அடியில் விரிகிற கடல் ஆகியவை ரியூஹேயின் வேலை. பித்தளை தோகுஜியுடையது. அமிலத்தில் அரித்தெடுத்த தகட்டில் கைப்பிடிக் கம்பிகள், ஏணிகள், ரேடார் வலை எல்லாம் மயிரிழையாக வரிசைகட்டி வரும். கத்தி முனையால் நறுக்கி, இடுக்கியால் மடித்து, ஊசி நுனியில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். பசை ஒரு பொட்டு கூடினால் கம்பிகளின் இடைவெளி அடைத்துக்கொள்ளும். பலமாக மூச்சு விட்டால் பொருளே பறந்துவிடும். ரியூஹேயின் விரல்கள் கருவாட்டு மூட்டை தூக்கிய விரல்கள். தோகுஜிக்கு வர்ணம் கலக்க வராது. ஒருவர் வேலை மற்றவருக்குத் தெரியாததால் அந்தக் கூட்டு ஒரு நாளும் முறியவில்லை.

மேல்தட்டுக் கப்பல்களைப் பார்த்து, "அடேயப்பா, கம்பியா இது!" என்றார். அடுத்த தட்டுக்குக் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கடைசி நான்கு கப்பல்களிலும் கைப்பிடிக் கம்பிகள் நாய் கடித்த வேலி போல நின்றன. கம்பிக்கு நடுவே பசை கண்ணீர்த்துளியாக உறைந்திருந்தது. ஒரு ஏணி தலைகீழ். எல்லாவற்றிலும் மோசம் நாமிகிரி. தோகுஜி செய்து முடித்த கடைசிக் கப்பல் அது. நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கன்று அவர் மனைவி ஃபுசாயே அதைத் துணியில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தபோது, ரியூஹேய் புரைக்கண்ணால் பார்த்து, "இவனைப் போல ஒருத்தன் இனிப் பிறக்கணும்" என்று அழுதிருந்தார்.

அன்று மத்தியானமே மினகாவாவின் முடிதிருத்தும் கடைக்குப் போனார். மினகாவா மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் சங்கத்தின் செயலாளர். துணியைக் கழுத்தில் கட்டி அவர் பாதித் தலையை வெட்டியபோது ரியூஹேய் கேட்டார்:

"நாமிகிரிய விடு, போன வருஷக் கண்காட்சில வச்சோமே ஒரு கப்பல், அதோட கம்பியப் பாத்தியா?"

கத்தரிக்கோல் நின்றது. "பாத்தேன்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதையும்தான்."

"ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னோமே, கனெமட்சு-சான்! எல்லாருமா வந்து கடல் நல்லா வந்திருக்குன்னு சொன்னோம்ல?"

 சங்கத்தில் யாரும் அடுத்தவர் கப்பலில் குறை சொல்வதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள். கப்பலைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் கடலைப் பாராட்டிவிட்டு நகர்வார்கள். கேட்டவனுக்குப் புரிந்துவிடும், வீட்டுக்குப் போய்ப் பிரித்துச் செய்வான். புதிதாக வந்த எத்தனையோ பேரிடம் ரியூஹேயே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் தங்கள் கப்பலில் கடல் அவர் செய்தது. மூன்று வருஷமும் அந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கினுயேயிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருந்தார். அடுத்த கப்பலின் அலைகளுக்கு ஒரு பூச்சு கூடவே கொடுத்தார்.

"நீங்க தெரிஞ்சேதான் விட்டுக்கொடுக்கறீங்கன்னு நினைச்சோம்" என்றார் மினகாவா. "சிநேகிதனுக்காகக் கண்ண மூடிக்கிட்டீங்கன்னு."

"நான் எங்கடா மூடினேன்? அதுவா மூடிக்கிச்சு."

பாதி வெட்டிய தலையோடு ரியூஹேயும், பின்னால் நின்ற மினகாவாவும் கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தோகுஜி ஏன் முட்டைக் கதை சொன்னார் என்பது ரியூஹேய்க்கு அப்போதுதான் உறைத்தது: கண் தெளிந்தால் கம்பியின் கோணலும் தெரிந்துவிடும். தோகுஜி கொஞ்ச காலமாகச் சின்னச் சின்ன அடி வைத்து நடந்ததும் நினைவுக்கு வந்தது. "என்னடா, செருப்ப ரோட்டோட ஆணி அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரித்தது தான்தான்.

"கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கு. அவர் நினைவு மேசைல நாமிகிரியத்தான் வைக்கணும்னு ஃபுசாயே-சான் கேட்டிருக்காங்க" என்றார் மினகாவா, குரலைத் தாழ்த்தி. "குடுங்க. கம்பியெல்லாம் பேர்த்துட்டு நான் புதுசா ஒட்டித் தர்றேன். ஒருத்தருக்கும் தெரியாது. போனவர் பேரு கெடக்கூடாதில்ல?"

நியாயமான பேச்சுதான். கெட்டுப்போன மேல்வரிசையை எடுத்துவிட்டு நல்ல கருவாட்டை அடுக்கி விற்பது சந்தையில் பார்க்காத காட்சியும் அல்ல. ஆனால் தோகுஜியின் வேலையில் வேறு ஆள் கை வைப்பது ரியூஹேய்க்குப் பிடிக்கவில்லை. "நானே பேர்த்துக்கறேன். நீ ஒட்டு" என்றார்.

மறுநாள் மதிய வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பின்தளத்தின் வலப்பக்கக் கம்பியின் கீழே கத்தி முனையை நுழைத்தார். கட்டைவிரல் நகத்தளவு கம்பி கையோடு வந்தது. அது நின்ற இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தளத்தின் ஓரமெல்லாம் பழைய பசைத் தழும்புகள். தோகுஜி ஒட்டி, பேர்த்து, சுரண்டி, அரை மயிர் தள்ளி மறுபடி ஒட்டியிருக்கிறார். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழு வரைக்கும் எண்ண முடிந்தது. இது ஒரு நகத்தளவு. கப்பலைச் சுற்றி இப்படி நாற்பது நகத்தளவு இருந்தது.

கத்தியைக் கீழே வைத்தார். எடுத்த கம்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாமென்று இடுக்கியால் பிடித்தார். அது துள்ளிப் போய்விட்டது. பாயில் முழங்காலிட்டு இருட்டும்வரை தேடினார். எள் கிடைத்தது, கினுயேயின் உடைந்த ஊசி கிடைத்தது. கம்பி கிடைக்கவில்லை.

மினகாவாவிடம் தொலைபேசியில் நடந்ததைச் சொல்லி, "இப்படியே வைக்கறோம்" என்றார்.

"பின்பக்கம் காலியா இருக்குன்னு சொல்றீங்க. அந்தப் பக்கத்த சுவர்ப் பக்கமா திருப்பி வச்சிரலாமா?"

"நடுவுல வை. சுத்திவர நடக்கற மாதிரி."

கண்காட்சியன்று நகர மண்டபத்தில் நாமிகிரி தனி மேசையில் இருந்தது. முன்னால் அட்டை: உடல், கடல் – கனெமட்சு, பித்தளை – ஒனோதெரா. சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், குனிந்தார்கள், ரியூஹேயைக் கண்டதும் வெறுமனே தலைவணங்கிவிட்டுப் போனார்கள். பதினோரு மணிக்கு ஃபுசாயே கறுப்பு உடையில் வந்தாள். கப்பலைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது, கனெமட்சு-சான். நல்லா இருக்கா?"

மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாருக்கும் காது நீண்டது.

"இல்ல" என்றார் ரியூஹேய். "கம்பியெல்லாம் கோணல். பசை வழிஞ்சிருக்கு. இங்க ஒரு துண்டு இல்ல, அது நான் தொலைச்சது. அவனுக்குக் கை நடுங்கியிருக்கு. மூணு வருஷமா நடுங்கியிருக்கு. நான் பாக்கல."

மினகாவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபுசாயே கைக்குட்டையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "கடைசி ஒரு வருஷம் குச்சி பிடிக்க முடியாம சோத்தக் கரண்டியாலதான் சாப்பிட்டாரு. டாக்டர்ங்கற பேச்சையே எடுக்கவிட மாட்டாரு. ரியூஹேய்க்குத் தெரிஞ்சா பித்தளைய வாங்கி வச்சுக்குவான், அப்புறம் அந்த வீட்டுக்கு நான் எதுக்குப் போறதுன்னுவாரு. சொன்னா விவாகரத்துன்னாரு. எழுபத்திரெண்டு வயசுல விவாகரத்து!" சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கழுத்தப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். கைல ஒரு கம்பு குடுத்திருப்பேன். அந்தப் படில தனியா ஏறவிட்டிருக்க மாட்டேன்."

"அவர் வந்திருக்க மாட்டாரு."

"வந்திருப்பான்."

"உங்களுக்கு அவரத் தெரியாது."

"வந்திருப்பான், ஃபுசாயே-சான்" என்றார் ரியூஹேய். "திட்டிக்கிட்டே வந்திருப்பான்."

 பின்னால் பார்வையாளர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு இருவரும் மேசையின் மறுபக்கம், கம்பியில்லாத பக்கத்தில் போய் நின்றார்கள்.