தவிட்டுக்கு வாங்கிய பேர்

அறுபத்தெட்டாம் வருஷத்து ஆனியில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ரெங்கம்மாவுக்கு வந்த கோபத்துக்குக் கொழுந்துக்கூடையே தீப்பிடித்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். மூன்றாவதைப் பிறந்த அன்றே, குடியிருந்த லயத்துக் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்துக் காம்பராக் கருப்பம்மாவுக்கு ஒருபிடி தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, குப்பாயி என்று பேர் வைத்திருந்தாள். குப்பையை எமனும் காலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்ற நம்பிக்கைதான். பிறப்புப் பதிவுப் பாரம் நிரப்பிய தோட்ட ஆபீஸ் முத்து கிளாக்கரோ ரூபவதி என்று எழுதிவிட்டார்.

"குப்பாயியாம்! பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. ரூபவதின்னா சமஸ்கிருதத்துல அழகுள்ளவ. எனக்கு நீ கும்புடு போடணும்."

"அழகுன்னு எழுதி எமனுக்குத் தாக்கல் அனுப்புறீங்களா ஐயா?"

"திங்கக்கிழமை தபால் பையில பாரம் போகுது. நீயும் போ."

மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை லுணுகலைக் கடைத்தெருவில், ஹாஷிம் முதலாளி கடையில் கருவாடு வாங்கப் போனவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பேரும் அர்த்தமும்!" என்றார் ஹாஷிம். "எம் பொஞ்சாதி பேரு ஸகீனா. அரபில அமைதி. வீட்டுக்கு வந்து அந்த அமைதியக் கொஞ்சம் கேட்டுப் பாரு."

"சிரிக்காதீங்க மொதலாளி. புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது."

அவர் தராசைக் கீழே வைத்தார். "கிளாக்கர் 'பி. முத்து'ன்னு கையெழுத்துப் போடுவாரே, அந்த 'பி' என்னன்னு தெரியுமா? பிச்சை. அவரோட தாயும் ரெண்டைப் பறிகொடுத்தவதான். வீடு வீடாப் பிச்சையெடுத்த அரிசியில கஞ்சி காய்ச்சி ஊட்டி வச்ச பேர். எங்க வாப்பாகிட்டயும் ஒரு சுண்டு அரிசி வாங்கினா."

திங்கட்கிழமை விடியலில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்க, ரெங்கம்மா பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஆபீஸ் ஜன்னலைப் பிடித்தாள்.

"பிச்சமுத்து ஐயா!"

வரிசையில் ஒருவன் சிரித்தான். கிளாக்கரின் பேனா நின்றது.

"யாருடி சொன்னது?"

"ஒங்க ஆத்தா பிச்சையெடுத்து வச்ச பேருதானே ஒங்கள நாக்காலில ஒக்கார வச்சிருக்கு? அதுல பாதிய மறைச்சீங்க, அது ஒங்க பாடு. எம் புள்ளையோட பேர்ல கைவைக்க நீங்க யாரு?"

"வாய மூடு! இன்னைக்கு உன் பேர வெட்டிருவேன்!"

செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் வெட்டினால் அன்றைய வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

"வெட்டுங்க! என் பேர வெட்டிட்டு அவ பேர எழுதுங்க!"

சிரிப்பு இப்போது வரிசை முழுக்கப் பரவியது. கிளாக்கர் பாரத்தைக் கிழித்துப் போட்டு, புதிதாக ஒன்றை எடுத்து எழுதினார். எழுத்தறியாத ரெங்கம்மா, கங்காணி மாடசாமி வந்து "குப்பாயி" என்று வாசித்துச் சொல்லும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. கையெழுத்துப் போடக் கிளாக்கர் குனிந்தார்.

"ஒங்க பேரையும் முழுசா எழுதுங்க ஐயா."

அதையும் எழுதினார். பிறகு செக்ரோலை இழுத்து, ரெங்கம்மாவின் பேருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டார்.

அனலாய்க் கொதிக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடியே குப்ப! அடியே என் நாறக் குப்ப!" என்று மலைக்கே கேட்கும்படி திட்டியபடி அவள் லயத்துக்கு இறங்கினாள்.