இரண்டாவது சாவு

கருவைக் கலைக்கப் போக வேண்டிய ஆஸ்பத்திரி, பேருந்தில் ஏழு மணி நேரம். தையல் யூனிட்டில் காய்ச்சலுக்கு லீவு கிடையாது, சாவுக்கு உண்டு. அதனால் அக்கா எனக்கு ஓர் அத்தையை உண்டாக்கி, அன்றைக்கே கொன்றும் போட்டாள்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்துவிட்டு, "பதினாலாம் நாள் வந்து காட்டணும். நடுவுல காய்ச்சல் வந்தா உடனே வரணும்" என்றபோதுதான் எங்கள் தவறு உறைத்தது.

"அவசரக்குடுக்கை நான். அத்தையைப் படுத்த படுக்கையா வச்சிருக்கலாம்டி," என்றாள் அக்கா.

பதினாலாம் நாள் போகவில்லை. பத்தொன்பதாம் நாள் காலையிலும் ரத்தம் நிற்கவில்லை. மெஷினில் குனிந்தால் அடிவயிறு இழுத்தது. தொட்ட துணியெல்லாம் ஜில்லென்றிருந்தது, உடம்பு அவ்வளவு கொதித்தது. சூப்பர்வைசரம்மா பின்னால் வந்து நின்றது எனக்கு வெகுநேரம் தெரியவில்லை.

"உன் அத்தை நேத்து கனவுல வந்தாங்க," என்றார்.

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன்.

"அவ ஏன் இன்னும் வரலைன்னு கேட்டாங்க. முகத்தைப் பார்க்கலாம்னா, முகமே இல்ல."

என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "இன்னொரு அத்தை இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எப்ப செத்தாங்க?"

"இப்பதான்."

"அப்போ கிளம்பு."

அடுத்த பேருந்திலேயே தனியாக ஏறினேன். உள்ளே எல்லாம் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு சின்னப் பை. நாலு மணி நேரம் போயிருந்தது.

"துக்கமா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"ஆமாக்கா. அத்தை."

"எனக்கு மாமியார். ரெண்டாந்தடவை சாகுறாங்க. வீட்டுல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க."

சிரித்துவிட்டேன். சிரித்தபோது தொடையில் சூடாக இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"கண்டக்டரே, இன்னும் எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்மா. நடுவுல ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது," என்றார் அவர், திரும்பாமலே.

முன் இருக்கையிலிருந்து ஒரு கை பின்னால் நீண்டது. அதில் மடித்த துணி. முகம் திரும்பவில்லை. அதற்கும் முன்னாலிருந்து இன்னொரு கை வந்தது. துணிகள் ஒவ்வொன்றாகக் கைமாறி என் மடிக்கு வந்துகொண்டிருந்தன. வண்டி எங்கும் நிற்கவில்லை.