பெருங்கரைக் கண்மாய் காட்டிய எல்லை

நான்கு நாள் ஓயாது பெய்த ஐப்பசி மழை விடியலில் சற்றே இளைப்பாற, போடி மலைகளின் தோளில் கவிந்துகிடந்த முகில் மெல்ல மேலெழ, கொட்டகுடி ஆறு செந்நீரும் சருகும் சுமந்து தேனி நகரை நோக்கிப் பாய்ந்துவந்த அக்காலைப் பொழுதை, படிப்போரே, நீவிர் நேரிற் கண்டிருக்க வேண்டும்! கடைவீதியில் கடை திறக்க வந்தோர் கதவைப் பாதி ஏற்றிவிட்டு மீதியை மறந்து மேற்கு நோக்கி ஓடினர். எட்டாண்டுகளாக ஆடு மேய்ந்தும் பிள்ளைகள் பந்தடித்தும் கிடந்த பெருங்கரைக் கண்மாய், இருபத்தைந்தாண்டுகளில் முதன்முறையாக முழுதும் நிறைந்து, மிகைநீர் மறுகால் வழியே வழிகின்றது என்னும் செய்தி, பால்காரர் வாய்வழியே ஊரெங்கும் பரவியிருந்தது. வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே வந்தவரும் உண்டு. நீரைக் கண்டால் இவ்வூர் மாந்தர்க்குத் திருவிழாக் கண்டாற்போலத்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்கூட்டத்தில் களிப்பில்லாத முகம் ஒன்றே ஒன்று இருந்தது. பண்ணைப்புரத்துத் தோட்டக்காரர் ஒருவரின் மகளும், நகர்மன்றத்தின் நகரமைப்பு வரைவாளருமான அனுசுயாவின் முகம் அது. வெயிலென்றும் வாடையென்றும் பாராது இரண்டாண்டுகள் கால்தேய நடந்து, மலையடியையும் கண்மாயையும் ஆற்றங்கரையையும் கடைவீதியையும் ஒரே நடைபாதையாற் கோத்து, எந்த ஆண்டில் எம்மரம் நடுவது, எந்த ஆண்டில் எவ்வோடையைத் தூர்வாருவது, எவ்விடத்தை எவரும் தொடாது காட்டுக்கே விட்டுவிடுவது என்றெல்லாம் முப்பதாண்டுகளுக்கு அவள் தீட்டிய திட்டம், அன்று பதினொரு மணிக்கு மன்றத்தில் வாக்குக்கு வரவிருந்தது. முன்பே இருமுறை தள்ளிவைக்கப்பட்ட திட்டம் அது. இம்முறையும் தோற்குமாயின், கண்மாயின் மேற்கரை நிலம் வணிக வளாகம் கட்ட ஒதுக்கப்பட்டுவிடும்; அதன்பின் பாதையாவது, பசுமையாவது! அத்திட்டத்தின் முதற்பணியாக, மேற்கரையில் நான்கு ஏக்கர் பரப்பில் சிறுவர் பூங்கா அமைப்பதற்கென்று அவள் அறைந்திருந்த மஞ்சள் முளைகள் நாற்பதும் இப்போது இடுப்பளவு நீருக்கடியில் இருந்தன.

பதறிய நெஞ்சினளாய், கரையிற் குலவையிட்டு நின்ற உழவுப் பெண்டிரிடையே சண்முகத்தாயை அவள் தேடிப் பிடித்தாள். கண்மாய்க்குக் கீழே நெல் விளைப்பவள் சண்முகத்தாய். கோடையில், வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் உடன்நடந்து, நிறைந்தால் நீர் எதுவரை ஏறும் என்று வினவிய அனுசுயாவுக்கு, மேற்கரைப் பனைவரிசையில் மூன்றாம் பனையைக் கைநீட்டிக் காட்டியவள் அவளே. பழைய நிலப்படத்தைக் கறையான் தின்றுவிட்டமையால், அந்தக் கைநீட்டலே அளவாயிற்று.

"அக்கா, மூணாவது பனை மட்டுந்தேன்னு சொன்னீகளே! தண்ணி அதையும் தாண்டி அறுபதடி வந்து நிக்குதே!"

சண்முகத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ தாயி! காஞ்ச கம்மாயில நின்னுக்கிட்டு நெறஞ்ச எல்லையக் காட்டலாமா? கண்ணு பட்டு மழை அப்படியே திரும்பிப் போயிரும்ல! எங்காளுக யாருமே முழுசாக் காட்டமாட்டாக, கொறச்சுத்தேன் காட்டுவாக. நீயும் இந்தப் பக்கத்துப் புள்ள, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அனுசுயா கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்தவள். கண்மாய்க்காரர் வழக்கம் அவளுக்கு எங்ஙனம் தெரியும்? ஆயினும் பிழை அவளுடையதே என்பேன் யான். முப்பதாண்டுக்கு நோக்குபவள் ஒரே பருவத்தில், ஒரே ஒருவரிடம், ஒரே முறை கேட்டுவிட்டுக் கோடு கிழிக்கலாமோ? அவளும் அதனை உணர்ந்தாள். சினம் ஒரு நொடி பொங்கிற்று. மறுநொடியே, ததும்பும் அப்பெருநீரைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்தாண்டுக்கு ஒருமுறை முழுதாய் வரும் விருந்தாளி, தன் வீட்டின் அகலத்தைத் தானே காட்டிக்கொண்டு நிற்கும்போது, அழுது பயனென்ன?

"அக்கா, பதினோரு மணிக்குள்ள தண்ணி நிக்கிற எல்லையச் சுத்திக் குறிச்சாகணும். நாளைக்கு வடிஞ்சிரும்."

"அம்புட்டுத்தானே?" என்ற சண்முகத்தாய், கரையதிரக் குரல் கொடுத்தாள். "ஏலே கருத்தக்கண்ணா! வைக்கப்போரைப் பிரிங்கடா!"

அதன்பின் நடந்ததை எவ்வாறு சொல்வேன்! வைக்கோலை நால்வர் அள்ளிவர, எண்மர் அமர்ந்து அதனைக் கயிறுபோற் புரியாகத் திரிக்க, திரித்த புரியைத் தோளிற் சுமந்து இளையோர் ஓட, நீர்விளிம்பில் நின்ற வேலமரத்திலும் வேம்பிலும் முளையடித்த கழிகளிலும் பெண்டிர் அதனை இழுத்துக் கட்ட, வேடிக்கை பார்க்க வந்த கடைவீதியாரும் வேட்டியை மடித்துக்கட்டி நீருள் இறங்க, முழங்கால் சேற்றில் முன்னே ஓடிய அனுசுயா ஒவ்வோர் அடியையும் தன் திட்டப் படத்தில் குறித்துக்கொண்டே போனாள். பத்தரை மணிக்கு அந்தப் பொன்னிறப் புரி கண்மாயை ஏறத்தாழ முழுதும் சுற்றிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் நின்றுபோயிற்று. அங்கே ஒரு சுவர் குறுக்கே நின்றது. அதன்மேல் நீர் மோதிக்கொண்டிருந்தது.

அச்சுவர், கடைவீதியின் பெரிய இரும்பு வணிகரும் மன்ற உறுப்பினருமான எபனேசரின் கிடங்குச் சுவர். திட்டத்தை இருமுறையும் தள்ளிவைக்கச் செய்தவர் அவர்தாம். அவர் கை உயர்ந்தால் மேலும் ஆறு கைகள் உடன் உயரும்.

சேறு சொட்டும் சேலையோடு அனுசுயா மன்றத்தினுள் நுழைந்தபோது, முளைகள் மூழ்கிய செய்தி அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. எபனேசர் எழுந்தார்.

"முப்பது வருஷத்தைப் பாத்துட்டதாச் சொல்றீக. நாலு மாசம் கழிச்சு வர்ற தண்ணியப் பாக்கத் தெரியலையே அம்மா!"

மன்றம் சிரித்தது. சண்முகத்தாயின் பெயரைச் சொல்லியிருந்தால் பழி இறங்கியிருக்கும், அவள் சொல்லவில்லை. "தப்புத்தேன் அண்ணாச்சி. எந்தப்பு," என்று கூறி, பூங்கா வரைந்த தாளை எல்லோரும் காணக் கிழித்தாள். "இப்பத் தண்ணியே எல்லையக் காட்டிருச்சு. அது ஓரமாவே பாதை போட்டுக்கலாம், கம்மாயும் பொழைக்கும். ஒரே ஒரு எடத்துல மட்டும் வழியில்ல."

"எங்கன?"

"உங்க கிடங்குல, அண்ணாச்சி."

சிரிப்பு அடங்கிற்று. எபனேசர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். மன்றத்தார் அனைவரும் பின்தொடர்ந்தனர். கிடங்கின் பின்புறம், முழங்கால் உயரத்திற்கு ஏறி நின்றது கண்மாய். இருபதாண்டுகளுக்குமுன் வறண்ட நிலமென்று விலைகொடுத்து வாங்கிய இடத்தில், தம் சுவரைத் தட்டித் தட்டி மீளும் நீரை அவர் நெடுநேரம் நோக்கினார். அவர் முகம் சிவந்தது.

"எங்கிட்டப் பத்திரம் இருக்கு. பட்டா இருக்கு. நாளைக்கே இடின்னா எங்க போவேன்?"

"நாளைக்குன்னு நான் சொல்லலையே, அண்ணாச்சி. இது முப்பது வருஷத்துக்குப் போட்டது. உங்களுக்கு எத்தன வருஷம் வேணும்? அதை மட்டும் சொல்லுங்க."

இதனை அவர் எதிர்பார்க்கவில்லை. தம்மை வழிமறிக்க வருவாள் என்றே எண்ணியிருந்தவர், தம்மிடம் காலம் கேட்கப்படுமென்று எண்ணவில்லை. சரக்கையும், வேலையாட்களையும், புறவழிச்சாலையில் வேறிடம் தேடிக் கட்டும் பாட்டையும் உள்ளுக்குள் அவர் எடைபோடுவதை, கரையில் நின்ற அத்தனை பேரும் மூச்சடக்கிப் பார்த்தனர்.

"ஆறு," என்றார் எபனேசர்.

ஈரத்தாளில் ஆறாம் ஆண்டு என்னும் வரிக்கெதிரே, கிடங்கை அகற்றுவது என்று அனுசுயா எழுதினாள். எபனேசர் சட்டைப்பையிலிருந்து, இரும்புக் கம்பிகளுக்கு அளவுக்குறி இடும் சுண்ணக்கட்டியை எடுத்தார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு நீரில் இறங்கி, புரி வந்து முட்டிய இடத்திலிருந்து தம் சுவரின்மேல், எதுவரை இடிப்பதென்று, தாமே ஒரு கோடு இழுத்தார். பின்பு கையை உயர்த்தினார். ஆறு கைகள் அல்ல, அங்கே நின்ற அத்தனை மன்றத்தார் கைகளும் உயர்ந்தன. உழவுப் பெண்டிர் இட்ட குலவை மலையில் மோதித் திரும்பிற்று.

நெடுநோக்கு என்பது வருவதையெல்லாம் முன்கூட்டியே அறிந்துவிடுவதன்று, படிப்போரே. நீருக்கு வந்து நிற்க இடமும், மாந்தர்க்கு எழுந்து விலகக் காலமும் விட்டு வரைவதே அது. அந்த முப்பதாம் ஆண்டை அன்று கரையில் நின்றோரிற் பலர் காணப்போவதில்லை. அறுபத்துநான்கு அகவையினரான எபனேசர் அதனை நன்கறிவார்.

மலைமேல் மீண்டும் இடி உருண்டது. நனைந்த வேட்டியைப் பிழிந்தவாறே கரையேறியவர், அனுசுயாவின் அருகில் ஒரு கணம் நின்றார்.

"சுண்ணாம்புக் கோடு, மழையில அழிஞ்சிரும். அழிஞ்சாச் சொல்லியனுப்புங்கம்மா. வந்து திரும்பப் போட்டுட்டுப் போறேன்."