வாசலை மட்டும் பார்க்கும் கேமரா

"எட்டாவதோட நின்னவளுக்கு வைஃபை எதுக்கு?"

அத்தான் என்னிடம் கேட்ட கேள்வி இது. பதிலுக்காகக் கேட்கவில்லை. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் எட்டிப் பார்த்துவிடாதபடி பாஸ்வேர்டு தட்டிக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியாத நீளம் அந்தப் பாஸ்வேர்டு. அக்காவுக்கே தெரியாது. அவள் போனையும் வாங்கி, திரும்பி நின்று, அவரே தட்டிக் கொடுப்பார். எதிர்வீட்டுக்காரர் நெட்டைத் திருடிவிடுவாராம். பாவம், அந்தக் கிழவர் டிவி ரிமோட்டையே தலைகீழாகப் பிடிப்பவர்.

அத்தான் ஒரு கம்பெனியில் பில் போடுகிறார். எந்த வீடியோவைப் பார்த்தாரோ, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நெட்வொர்க் நிபுணராகி, முன்னறையில் கேமரா மாட்டிவிட்டார்.

அந்த முன்னறையில்தான் அக்கா தைக்கிறாள். நான் கொக்கியும் பித்தானும் தைத்துக் கொடுப்பேன். பெண்கள் அளவு கொடுப்பதும், போட்டுப் பார்ப்பதும் அங்கேதான். ஆண்களிடம் அளவு கொடுக்கக் கூசுகிறவர்கள் அக்காவை நம்பி வருகிறார்கள். அந்த நம்பிக்கை போனால் மெஷினை மூட்டை கட்டவேண்டியதுதான்.

"இங்க எதுக்குங்க கேமரா?" என்றாள் அக்கா.

"திருடன் வந்தா?"

"வந்து என்னத்தத் தூக்கிட்டுப் போவான், ஊசியையா?"

"அது வாசலை மட்டும்தான் பாக்கும். நான் ஆபீஸ்ல இருந்து பாப்பேன். வேற எவனும் உள்ள நுழைய முடியாது. யார் செட்டிங்னு நினைச்சே?"

ஆபீஸிலிருந்து பார்ப்பதற்காக ரௌட்டரில் ஒரு வழி திறந்துவைத்தார். போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். வெளியிலிருந்து இன்ன எண்ணைத் தட்டுகிறவரை நேரே கேமராவிடம் கூட்டிப் போய் விடு என்று ரௌட்டருக்கு உத்தரவு. வந்தது அத்தானா, ஊர்பேர் தெரியாதவனா என்று ரௌட்டர் விசாரிக்காது. பாஸ்வேர்டு கேட்கவேண்டியது கேமராவின் வேலை.

டீச்சர்தான் அக்காவின் முதல் வாடிக்கையாளர். பாதிப் பேர் அவர் சொல்லி வந்தவர்கள். அன்று அரைகுறையாகத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தார்.

"இது என்னம்மா, கேமராவா?"

"வாசலை மட்டும்தான் பாக்கும் டீச்சர்."

அக்காவின் வார்த்தை அவருக்குப் போதும். முதுகு திறந்த சட்டையில் நின்றார். அக்கா குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். கர்ர் என்று ஒரு சத்தம். வாசலைப் பார்த்திருந்த கேமரா மெதுவாகத் தலையைத் திருப்பி, டீச்சரின் முதுகில் வந்து நின்றது.

அக்கா பாய்ந்து டீச்சரை மறைத்தாள். "ஏங்க! வெக்கமா இல்ல? ஆபீஸ்ல வேலையே கிடையாதா? திருப்புங்க அந்தப் பக்கம்!"

கேமரா சிரித்தது. ஓர் ஆணின் குரல் எங்களுக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னது.

"அத்தான் எப்பக்கா இந்த பாஷையெல்லாம் படிச்சாரு?" என்றேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அத்தானே உள்ளே வந்தார். தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிவிட்டாராம். "யாரைத் திட்டிட்டிருக்கே? கேமராவையா? பைத்தியமா உனக்கு?"

கேமரா திரும்பி அவரையும் பார்த்தது.

அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். "யாருங்க அது?"

அத்தான் ரௌட்டரைத் திரும்பிப் பார்த்தார். "போர்ட் வழியா எவனோ... ஆனா நம்ம வைஃபையை ஒருத்தனாலயும் உடைக்க முடியாது, சவால்!"

"கேமராவுக்கு என்ன பாஸ்வேர்டு வெச்சீங்க?" என்றாள் அக்கா.

"பெட்டியில வந்ததுதான்."

"எல்லாப் பெட்டியிலயும் அதேதான வரும்?"

"ஆமா. அதான் மறக்காது."

டீச்சர் உள்ளறைக்குப் போய்த் தன் உடையை மாற்றிக்கொண்டு வந்தார். ஊசி குத்திய சட்டையை மெஷின்மேல் வைத்தார். வெட்டாமல் கிடந்த தன் துணிகளைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், சத்தியமா எனக்குத் தெரியாது..." என்றாள் அக்கா.

"டீச்சர், இப்பவே மாத்திடுறேன். அஞ்சே நிமிஷம்," என்றார் அத்தான்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.