பதினேழாம் எண்

வருகைப் பதிவேட்டில் பதினேழு வந்ததும் ஏழாம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். டீச்சர் தலை நிமிராமல் இன்னொரு முறை “பதினேழு” என்பாள். மூன்றாம் பெஞ்சில், வயதுக்கு மிஞ்சிய உயரத்தால் நெட்டை என்று பேர் வாங்கியவள் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பின்னாலிருந்து யாராவது முதுகில் குத்தினாலும் அசையமாட்டாள். இரண்டு பேர் உட்காரும் பெஞ்ச் அது. ஜன்னலோர இடத்தில் தன் பையை வைத்துவிட்டு இவள் நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள். அவள் வந்ததாக டீச்சரே குறித்துக்கொண்டு பதினெட்டுக்குப் போய்விடுவாள். மூன்று வாரமாக இதே கூத்து. சரியான அழுத்தக்காரி என்று மனதுக்குள் கறுவிக்கொள்வாளே தவிர, அவளோடு மல்லுக்கட்ட டீச்சருக்குத் தெம்பில்லை.

விடுமுறைக்கு முன்பு வரை பதினேழாம் எண் டீச்சரின் மகளுக்குரியது. அம்மாவின் வகுப்பிலேயே படித்த மகள். வீட்டில்கூடச் சில நேரம் “டீச்சர்” என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு வாயாடி என்று பேர். ஜன்னலோரத்தில் நெட்டையின் காதைத் தின்றுகொண்டிருப்பாள். எண்ணைக் கூப்பிட்டால் பேச்சு மும்முரத்தில் கொஞ்சம் தாமதமாகத்தான் “உள்ளேன் டீச்சர்” வரும். விடுமுறையில் பதினோரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள்.

பள்ளி திறந்ததும் புதுப் பதிவேடு எழுத வேண்டியிருந்தது.

“பதினேழை விட்டுட்டு எழுதட்டுமா?” என்று அலுவலகத்தில் கேட்டாள்.

“நடுவுல ஒரு நம்பர் விட்டா கணக்கு உதைக்கும் டீச்சர்,” என்றார் கிளார்க், அவள் முகத்தைப் பார்க்காமல். நல்ல மனுஷர்தான், அவர் என்ன செய்வார்.

அன்றே உட்கார்ந்து எழுதி முடித்தாள். பதினெட்டாக இருந்த நெட்டை பதினேழானாள். அவளுக்குப் பின்னால் எல்லோரும் ஒரு படி மேலே வந்தார்கள். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் என்று தலைமையாசிரியை பாராட்டினார். வீட்டிலும் இதே கதைதான். மகளின் பேரை எடுத்தால் மனைவி உடைந்துபோவாள் என்று கணவர் வாய் திறப்பதில்லை. அவர் உடைந்துபோவார் என்று இவளும் திறப்பதில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

இன்று பாடம், பழைய எகிப்தின் பெண் அரசர்கள். ஹாட்செப்சுட்டின் சிலைப் படத்தைப் பலகையில் ஒட்டியதுமே கடைசி பெஞ்ச் ஆரம்பித்துவிட்டது.

“பொம்பளைக்கு எதுக்கு டீச்சர் தாடி?”

“ராஜான்னா தாடி இருக்கணும்னு அந்த ஊர்ல ஒரு நினைப்பு. சிலையில ஒட்டுத்தாடி வைக்கச் சொல்லிட்டா, வேலை முடிஞ்சுது.”

வகுப்பு சிரித்தது. டீச்சருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. வாயாடி இருந்திருந்தால் இந்நேரம் தாவணியோ துண்டோ எதையாவது தாடையில் சுற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு மேலே சொன்னாள்.

“இருபது வருஷத்துக்கு மேல ஆண்டா. தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பி வாசனை மரத்தையெல்லாம் வேரோட கொண்டு வரச் சொன்னா. அவ போனதுக்கப்புறம், சுவத்துல இருந்த அவ பேரையும் உருவத்தையும் உளி வச்சு செதுக்கி எடுத்துட்டாங்க. ராஜாக்களோட பட்டியல்லயும் அவ பேர் இல்ல. முன்னாடி இருந்தவரும் பின்னாடி வந்தவரும் ஒட்டி ஒட்டி நிக்கிறாங்க. நடுவுல இப்படி ஒருத்தி இருந்தாங்கிறதே தெரியாது.”

நெட்டை எழுந்தாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக வாய் திறந்தாள். “எதிரிங்களா டீச்சர் செஞ்சாங்க?”

“இல்லம்மா. வீட்டு ஆளுதான். அவளோட வீட்டுக்காரருக்கு இன்னொரு சம்சாரத்துல பொறந்த பையன்.”

“கோவத்துலயா?”

“கோவம்னு சிலர் சொல்றாங்க. கோவமெல்லாம் இல்ல, வரிசை சரியா இருக்கணும்னு செஞ்சதுன்னு சிலர்...”

வாக்கியம் பாதியில் நின்றது. மேஜை மேல் பதிவேடு மூடிக் கிடந்தது.

“அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க டீச்சர்?” என்றது கடைசி பெஞ்ச்.

“செதுக்கின இடம் பள்ளமா இருந்துச்சு. அவ உருவத்துலயே.” டீச்சரின் குரல் உடைந்தது. நெட்டை மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“பதினேழு நான் இல்ல டீச்சர்,” என்றாள் மெதுவாக. “நான் உள்ளேன்னு சொல்லிட்டா, அவளுக்கு இடம் இருக்காது.”

அழுத்தக்காரி இல்லை. இந்த வகுப்பில் தன் மகளுக்குக் காவல் இருந்தவள் இவள் ஒருத்திதான். பெற்றவள் முத்து முத்தான எழுத்தில் உளி பிடித்திருக்கிறாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து, பாடத்துக்கு நடுவில், ஒன்றிலிருந்து மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தாள். ஏன் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள்.

“பதினாறு.”

“உள்ளேன் டீச்சர்.”

“பதினேழு,” என்றாள். பிறகு, பள்ளி திறந்ததிலிருந்து ஒருவர் வாயிலும் வராத மகளின் பேரை, இன்ஷியலோடு முழுசாகச் சொன்னாள்.

பேச்சு மும்முரத்தில் எப்போதும் தாமதமாகப் பதில் சொல்கிறவள் ஆயிற்றே. டீச்சர் காத்திருந்தாள். பேனா கட்டத்தின் மேல் நின்றது. மூன்றாம் பெஞ்சில் நெட்டை, ஜன்னலோரத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நுனியில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.