மாசி இருபத்தேழு

எனக்குக் கல்யாணமான தேதி 1989, மாசி இருபத்தேழு. சிதம்பரம் கோர்ட்டில் என் தம்பி பாலகுமாரின் வக்கீல் இந்தத் தேதியைச் சொன்ன தடவைகளை எண்ணினால், எனக்கு இன்னும் கல்யாணம் நடந்துகொண்டே இருக்கிறதோ என்று தோன்றும்.

அவர் சும்மா சொல்லவில்லை. குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது, 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமானவளுக்குக் கிடையாது என்று ஒரு கோடு போட்டார்கள். நான் அந்தக் கோட்டுக்குப் பதினைந்து நாள் முன்னால் தாலி கட்டிக்கொண்டவள். 2005இல் டெல்லியில் புதுச் சட்டம் வந்து கோட்டை அழித்தது. எப்போது கல்யாணமாகியிருந்தாலும் மகள் மகள்தான். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றங்கரை நிலத்தில் என் பங்கைக் கேட்டேன். "சீர் செஞ்சு அனுப்புனது பத்தாதா?" என்றான் தம்பி. வழக்குப் போட்டேன்.

2009 ஆவணியில் அப்பா சுப்புராயன் தம்பிக்காகச் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க பொண்ணு மலர்க்கொடிக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?" என்று தம்பியின் வக்கீல் கேட்டார்.

"மாசி இருபத்தேழுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மகனுக்கு இன்னும் கொஞ்சம் பலம் சேர்ப்போம் என்று நினைத்தார் போல.

"மொதல்ல வைகாசிலதான் வச்சிருந்தோம். பொண்ணுங்களுக்கும் பங்குன்னு சட்டம் வரப்போவுதுன்னு பத்திரம் எழுதுற சின்னையன் சொன்னாரு. அதுக்குள்ள முடிச்சிடலாம்னு நான்தாங்க மாசிக்கு மாத்துனேன். அப்பவே ரோசன பண்ணி செஞ்சது. இப்ப எப்பிடிங்க அவளுக்குப் பங்கு வரும்?"

சாதனைபோலச் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பங்குனியில் எனக்குப் பிளஸ் டூ பரீட்சை. ஹால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். பரீட்சை முடியட்டும் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "மாப்புள்ள வூட்ல அவசரப்படுறாங்கம்மா, நான் என்னா பண்ணுவேன்?" என்று அப்பாவும் கூடவே அழுதார். அழுதார்! அதை நம்பி என் மாமியாரை இருபது வருடம் மனசுக்குள் கரித்துக்கொட்டினேன். பாவம், அவள் செத்தும் போய்விட்டாள்.

நீதிபதி கையைக் காட்டினார். "பெரியவரே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." டைப் அடிக்கும் பெண்ணிடம், "கல்யாணத் தேதி மட்டும் போதும்மா. மத்தது வழக்குக்குச் சம்பந்தமில்ல" என்றார்.

"சம்பந்தம் இருக்குங்கய்யா!" என்று எழுந்தேன்.

என் வக்கீல் ஆரோக்கியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சும்மா இரு மலர்க்கொடி. தேதியே முக்கியமில்லன்னுதான் நாம வாதாடுறோம். இதக் கிளறுனா நமக்கு என்ன லாபம்?"

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததால்தான் ஆத்திரம் இன்னும் ஜாஸ்தியானது.

ஜெயித்தேன். தம்பி கடலூருக்கு அப்பீல் போனான். 2011இல் அதுவும் தள்ளுபடி. தீர்ப்பின் நகல் வாங்கிக் கோர்ட் வராந்தாவில் நின்றே படித்தேன். 'வாதியின் திருமணத் தேதி இவ்வழக்கில் பொருட்டல்ல' என்று இருந்தது. அப்பா அன்று சொன்னதில் ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை. எழுதவே இல்லையே, எப்படி இருக்கும்?

தம்பி விருட்டென்று படியிறங்கிப் போய்விட்டான். அப்பா மட்டும் தூணோரம் நின்றார்.

"அதான் உம் பங்கு வந்துடுச்சே. இன்னும் என்னாத்துக்கு மொறைக்கிற?" என்றார்.

வழக்குக் கட்டோடு இத்தனை நாளும் சுமந்து திரிந்த, எழுதாமலே போன பரீட்சையின் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். ரெட்டைச் சடை, ரிப்பன், பதினெட்டு வயசு முகம்.

"நெலத்த சட்டம் குடுத்துடுச்சுப்பா. இத எந்தக் கோர்ட்ல போயி கேக்குறது?"

வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். "கண்ணாடி எடுத்தாரலம்மா" என்றார். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது.

பிடுங்கிக்கொண்டேன். வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் திரும்பிப் பார்க்க, பாடம் பாடமாக, தேதி தேதியாக, நானே சத்தமாகப் படித்துக் காட்டினேன்.