பனிக்கடலில் ஏழு சாவிகள்

ஓசோன் அளவு பூஜ்யத்துக்கு இறங்கியதும் ஹால்வர்சன் கைகாட்டியது என் அண்ணனைத்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அலாஸ்காவின் வடகோடியில் இருக்கிற எங்கள் ஊர்க் காற்று நிலையத்துக்கு ஹால்வர்சன்தான் தலைவர். கருவிகள் என் பொறுப்பு. தரையை ஒட்டிய காற்றில் ஓசோன் அளவு எப்போதும் நூறு கோடிக்கு நாற்பது பங்கையொட்டித்தான் நிற்கும். எண்பதுகளின் நடுவில், ஒரு ஏப்ரலில், மூன்று நாளாகச் சுழி, வெறும் பூஜ்யம். குழாயைத் துடைத்தேன், வடிகட்டியை மாற்றினேன், கடைசியில் புதுக் கருவியையே மாட்டிப் பார்த்தேன். அதிலும் சுழிதான்.

"எல்லாம் உங்க ஆளுங்களோட பனிவண்டிப் புகை, டார்கஸ். புகை ஓசோனைத் தின்னுடும்னு உங்களுக்குத் தெரியாததா? காத்தும் அவங்க பக்கமிருந்துதான் வருது" என்றார். சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "பனிக்கடல் பாதையை மூடச் சொல்லிக் கடிதமே எழுதிட்டேன். சாயங்காலம் போயிடும்."

அந்தப் பாதை இல்லாவிட்டால் அண்ணன் அமாகுக்கின் வேட்டைக் குழு, உறைந்த கடல் முடிந்து தண்ணீர் தொடங்கும் நீர்விளிம்புக்குப் போக வழியில்லை. அவர்கள் போகாவிட்டால் ஊருக்கு அந்த ஆண்டு திமிங்கல இறைச்சி கிடையாது.

"ஒரு தடவை வந்து பாத்துட்டு அனுப்புங்க. பாக்காம அனுப்பினீங்கன்னா அதை நானே கிழிச்சுப் போடுவேன்!" என்று கத்தியேவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அங்கியை எடுத்து மாட்டினார்.

பலூனில் கட்டிப் பறக்கவிடும் ஓசோன் பெட்டியை, பலூனோடும் கயிற்றோடும், நான் தூக்கிக்கொண்டேன். அது அனுப்பும் அளவை முள்ளில் காட்டும் வானொலி வாங்கியை அவர் தூக்கிக்கொண்டார். பனிக்கடல் மேல் இரண்டு மணி நேரம் நடந்தோம்.

வேட்டைக் குழுவின் கூடாரத்துக்குப் பின்னால் ஏழு பனிவண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் மேலும் முழ உயரத்துக்குப் பனி மூடியிருந்தது. விளிம்பில் தோல்படகின் பக்கத்தில் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்த அண்ணன் எங்களைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தான்.

"என்ன தங்கச்சி, பெரிய ஆபீசரையே கூட்டிட்டு வந்துட்ட?" என்று கிசுகிசுத்தான். "மெதுவா நடக்கச் சொல்லு. அவர் பூட்ஸ் சத்தத்துக்குத் திமிங்கலமெல்லாம் ரஷ்யாவுக்கே ஓடிடும்."

ஹால்வர்சனும் கிசுகிசுத்தார். "இந்த வண்டிங்க கடைசியா எப்ப ஓடிச்சு?"

"நாலு நாளாச்சு." அண்ணன் கழுத்திலிருந்து ஒரு தோல்கயிற்றை வெளியே இழுத்தான். அதில் ஏழு சாவிகள். "போன வருஷம் ஒரு மகராசன் சிகரெட் வாங்கப் போறேன்னு வண்டியைக் கிளப்பினான். கிட்ட வந்த திமிங்கலம் முங்கினது முங்கினதுதான். இந்தத் தடவை யாரையும் நம்பறதா இல்ல."

ஹால்வர்சன் ஒரு வண்டியின் பனியை ஒதுக்கி இயந்திரத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சில்லிட்டிருந்தது.

நான் பெட்டியை முடுக்கினேன். அங்கேயும் சுழி.

"பெட்டி கெட்டிருக்கும்" என்றார்.

"அதையும் பாத்துடலாம்" என்று பலூனைக் கயிற்றில் மேலே விட்டேன். நூறு மீட்டர், சுழி. இருநூறு, சுழி. முந்நூறைத் தாண்டியதும் முள் துள்ளி முப்பத்தெட்டில் நின்றது. கீழே இழுத்தேன், மறுபடி சுழி. பெட்டியில் குறையில்லை, புகையும் இல்லை. பனியை ஒட்டிய காற்றில் மட்டும் ஏதோ ஓசோனைத் தின்கிறது, தலைக்கு மேலே நிறைய இருக்கிறது! சந்தோஷத்தில் நான் கத்தப்போக, அண்ணன் என் வாயைப் பொத்தினான்.

புதுப் பனியில் படியும் கடலுப்பிலிருந்து புரோமின் வாயு கிளம்பி, வசந்த வெயிலோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காற்று மாறினால் மேலே இருக்கும் ஓசோன் இறங்கிக் கீழே உள்ள குறையை நிரப்பிவிடும். அந்த முறையும், நாங்கள் அளந்ததற்கு மூன்றாம் நாள், நிரம்பியது.

அன்றைக்கு ஹால்வர்சன் பனியிலேயே மண்டியிட்டு எண்களைக் குறித்துக்கொண்டார். "இயந்திரம் எதுவும் ஓடலைன்னு மேலிடத்துல ஆதாரம் கேப்பாங்களே" என்றார்.

"ஏழு சாவின்னு எழுதிக்குங்க" என்றான் அண்ணன். "சந்தேகமிருந்தா வந்து என் கழுத்துல எண்ணிப் பாக்கட்டும்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க டார்கஸ். சத்தம் வராம கிழிங்க."